ஏழு டப்பா சளி

"என் சளியில என்னட்டி கொறையக் கண்டே? சொல்லு பாப்போம். இந்தக் கீழத்தெருவே காலங்காத்தால வந்து கைய ஏந்தி வாங்கிட்டுப் போச்சு. ஒருத்தியாவது வேண்டாம்னாளா? மூக்கச் சுளிச்சாளா? நீ நேத்து வந்தவ, எனக்கு ஞாயம் சொல்ல வந்துட்டியாக்கும்?"னு உலகம்மா மருமவ முப்பிடாதியப் பாத்து ஒரு போடு போட்டா. முப்பிடாதி அப்படி ஒண்ணும் பெரிசாச் சொல்லிரல. அடுப்புக்கு முன்னால குத்தவச்சு கஞ்சியக் கிண்டிக்கிட்டே, உலகம்மா நீட்டுன காலி டப்பாவக் கையால தொடாம, "இந்த வாட்டி நீங்களே துப்புங்க அத்தே. போன வாட்டி அந்த ஏழு டப்பாவுலயும் இருந்தது ஒங்க சளி. ஒங்க பேரு ஒட்டுன டப்பாவுல இருந்தது என் எச்சி. அத நெனச்சுப் பாத்தேளா?"ன்னா. அம்புட்டுதான். சொல்லிட்டு எட்டு மாசத்துப் பிள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் பொறவாசலுக்குப் போயிட்டா. ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு பேசுத பேச்சப் பாரு. கழுத்துல தாலி ஏறி மூணு வருசம் ஆவல, ஒரு கட்டு பீடி ஒழுங்கா வாய் மடக்கத் தெரியாது, மாமியாளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுதா. உலகம்மா டப்பாவ மாடக்குழியில வெடுக்குன்னு வச்சிட்டு, வாசப்படியில கால நீட்டி உக்காந்து பீடித் தட்ட மடியில இழுத்துக்கிட்டா. பத்து மணிக்கு வெள்ளக்காரி வாறா. வாறது வேற எவளையும் பாக்க இல்ல, உலகம்மாளப் பாக்க. தெருவுல ஏழு வீட்டுல காசம், நட்ட நடுவுல ஒரு வீடு மட்டும் சுத்தம், அந்த வீட்டுக்காரி என்ன திங்கா, என்ன குடிக்கா, எப்படி மூச்சு விடுதான்னு எழுதிக்கிட்டுப் போவ ஏரோப்ளேன் ஏறி வந்திருக்காளாம். அதோட ஒரு டப்பா சளியும் வேணுமாம், ஒப்பிட்டுப் பாக்க. பத்து மணிக்குள்ள டப்பா நெறையணும். நெஞ்சு கரகரன்னுது. உலகம்மா முழுங்கிக்கிட்டா.

இந்த வெள்ளிப்பொட்டலுக்கு மழ வராது, பஸ்ஸு வராது, ஆராய்ச்சி மட்டும் தவறாம வந்துரும். கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு வாறதுவள அவ எம்புட்டுப் பாத்திருக்கா. ஒருத்தன் வந்து வீடு வீடாக் கக்கூசுக் கதவத் தெறந்து பாத்துட்டுப் போனான், உள்ள வெறவு அடுக்கியிருக்குன்னு எழுதிக்கிட்டான், வெறவ எங்க அடுக்கன்னு ஒருத்தனும் கேக்கல. ஒருத்தி வந்து ஊசியக் குத்தி ரெத்தத்த உறிஞ்சிட்டு ஒரு பிஸ்கோத்துப் பாக்கெட்டக் குடுத்தா, அந்த ரெத்தத்துல என்ன இருந்துன்னு இந்த நிமிசம் வரைக்கும் ஒரு தாக்கல் இல்ல. அதுக்கு அடுத்து வந்தவன் கதைதான் கதை. அடுப்புப் பொகை எம்புட்டு நெஞ்சுக்குள்ள போவுதுன்னு பாக்க, தீப்பெட்டி தண்டிக்கு ஒரு பெட்டியக் குடுத்து, பொம்பளைங்க நாப்பூரா கழுத்துல மாட்டிக்கிட்டே இருக்கணும்னுட்டான். அது கிர்ருகிர்ருன்னு சத்தம் போடுது, கனக்குது. வடக்கு வீட்டுச் சொர்ணம் என்ன செஞ்சா, ஆட்டுக் கழுத்துல கட்டிக் கொளத்தாங்கரையில மேய விட்டுட்டா. ஆறு மாசம் கழிச்சு அந்த எளவெடுப்பான் திரும்பி வந்து பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, "இந்த ஊர்ல சில பெண்கள் மிக நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் நடக்கிறார்கள்"னு சொன்னான் பாத்துக்கிடுங்க. சொர்ணம் மூஞ்சிய முந்தானையில மூடிக்கிட்டுக் குலுங்குதா. அவ மனசு நெகிழ்ந்து அழுவுதாள்னு அவன் நெனச்சுக்கிட்டான். இவனுவள எதுல சேக்க? எம்ஏ படிச்ச கழுதைக்கு ஆட்டுக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் தெரியல. அதான் இந்தத் தடவ மார்த்தாண்டத்துக்காரி ஷைனி வந்து, திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவ நீட்டி, "காலையில எந்திச்ச உடனே, பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி, நெஞ்சிலேருந்து இழுத்து இதுல துப்பணும் பாட்டி. எச்சில் வேண்டாம், சளிதான் வேணும், இந்தக் கோடு வரைக்கும்"ன்னப்ப, உலகம்மாளுக்குச் சிரிப்புதான் வந்துது. பாட்டியாம்லா. அம்பத்திநாலு வயசு பாட்டியா? மொதல்ல பாத்தது கக்கூச, அப்புறம் உறிஞ்சுனது ரெத்தத்த, இப்பக் காறித் துப்புனதையும் கேட்டு வந்துட்டாளுவ. போயிச் சேந்தப்புறம் சாம்பலக் கேட்டு வருவாளுவளா இருக்கும்.

ஆனா மத்தவளுவளுக்குச் சிரிப்பு வரல, பயந்தான் வந்துது. மறுநாக் கருக்கல்லயே எதுத்த வீட்டுத் தங்கபுஷ்பம் முந்தானைக்குள்ள டப்பாவ மறச்சுக்கிட்டு வந்து நின்னா. "யக்கா, எனக்கு ஒரு சொட்டு வரமாட்டேங்கு. கோடு வரைக்கும் இல்லாட்டா என்னமோ ஒளிக்காளுவன்னு நெனப்பாவ. வந்தாலும் பயமாத்தான் இருக்கு, உள்ள என்ன கெடக்குன்னு யாரு கண்டா? மவளுக்கு வேற ஆலங்குளத்துலருந்து பேச்சு நடக்கு. நீ கல்லுல அடிச்ச செல மாதிரி இருக்கே. ஒரு காய்ச்சல், ஒரு தலவலின்னு படுத்தவளா நீ? ஒன் சளிய ஒரு டப்பா குடுக்கா"ன்னா. உலகம்மா, "கொண்டா மூதி"ன்னா. முப்பத்தஞ்சு வருசம் பொகையிலத் தூளுல ஒழச்ச நெஞ்சு. சளிக்கா பஞ்சம்? ஒரு காறு காறுனாக் கோட்டத் தாண்டும். அன்னைக்கும் மறுநாளும் ஒருத்தி பின்னால ஒருத்தியா, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாம, கைப்பிள்ளைக்குத் தாய்ப்பாலு எரந்து வாற மாதிரி வந்தாளுவ. ஏழு பேரு. ஏழு பேருக்கும் அவ குடுத்தா. துப்பத் துப்ப ஒரு பெருமையாத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. பவுசு பேசுத தங்கபுஷ்பம், ரோட்டுல பாத்தா மொகத்தத் திருப்புத இசக்கி, எல்லாவளும் இவ சளிக்கு நிக்காளுவ. கடைசியில தன் டப்பாவ எடுத்தா நெஞ்சு வறண்டு போச்சு, ஒண்ணும் வரல. வெளியில ஷைனி கூப்பிடுதா. "ஏட்டி முப்பிடாதி, இதுல நீ துப்பு"ன்னு நீட்டுனா. அவளும் பாவம், எச்சியக் கூட்டி உருட்டித் துப்புனா. ஷைனி அவசரத்துல பாக்காம வாங்கிப் பெட்டியில அடுக்கிக்கிட்டா. இதுல என்ன கொலக்குத்தம்? வெறும் வெளையாட்டு. ஆட்டுக் கழுத்துப் பெட்டி மாதிரி ஒரு வெளையாட்டு.

வெளையாட்டுதான். பன்னெண்டு நாளு கழிச்சு வண்டி வந்து நிக்கித வரைக்கும். வண்டின்னா சாமானிய வண்டியா, ரெண்டு பக்கமும் சினிமாப் போஸ்டரு மாதிரிப் பெரிய எழுத்துல காசநோய் ஆய்வுன்னு எழுதி, பக்கத்துல இருமிக்கிட்டு இருக்குத ஒரு பொம்பளையையும் வரஞ்சு வச்சிருக்கான். ரகசியமாச் சொல்லணும்னு சட்டமாம். ரகசியத்த வண்டியில எழுதி, ஏழு வீட்டு வாசல்லயும் அர மணி நேரம் அர மணி நேரம் நிறுத்தி, ரகசியமாச் சொல்லிட்டுப் போனாளுவ. பொழுது அடையதுக்குள்ள மேலத்தெரு, வடக்குத்தெரு, பக்கத்து ஊரு மில்லு வரைக்கும் ரகசியம் போயிட்டு. மறுநாப் பீடிக் கம்பெனி செக்கரு செல்லையா சைக்கிள்ல வந்து, கால ஊணிக்கிட்டே, எறங்கக்கூட இல்ல, "வாயில வச்சு இழுக்குத சாமான். டிபி வீட்டுல சுத்துனத எவன் வாங்குவான்?"னு ஏழு வீட்டுக்கும் பீடி இலைய நிறுத்திட்டான். நெஞ்சு அழுவட்டும்னே பீடியக் குடிக்கவனுக்கு, சுத்துத கை மட்டும் சுத்தமா இருக்கணுமாம். த்தூ. ஆலங்குளத்துலருந்து பொண்ணு பாக்க வந்தவங்க தெருமுக்குல அந்த வண்டியப் பாத்துட்டு, யாரு வீடுன்னு டீக்கடையில கேட்டுட்டு, அப்படியே கார வளச்சுக்கிட்டுப் போயிட்டாவ. வாங்கி வச்ச பூவு தங்கபுஷ்பம் வீட்டுல வாடிக் கெடந்துது. இதுல இன்னொரு கூத்து. ஏழு பேரையும் கூட்டிட்டுப் போயி நெஞ்சப் படம் புடிச்சுப் பாத்தா பளிங்கு மாதிரி இருக்கு. காய்ச்சல் இல்ல, எளப்பு இல்ல. ஆனாச் சளியில கிருமி குடும்பம் நடத்துது. இது ஒலகத்துலயே இல்லாத புதுமைன்னு ஷைனியோட பெரியாளுவளுக்குத் தல கால் புரியல. கீழத்தெருவ மேப்புப் போட்டு ஏழு செவப்புப் புள்ளி வச்சு, நடுவுல உலகம்மா வீட்டுக்கு ஒரு பச்சப் புள்ளி வச்சிருக்காளுவ. ஷைனி காட்டுனா. நெத்திப் பொட்டு தண்டிக்கு இருந்துது. அந்தப் பச்சப் புள்ளியப் பாக்கத்தான் வெள்ளக்காரி வாறா.

ஏழு பேருல ஒருத்திக்காவது புத்தி வேல செஞ்சுதான்னு கேளுங்க. டப்பாவுல இருந்தது உலகம்மா சளின்னு ஏழு பேருக்கும் தெரியும். அதுல சீக்கு இருக்குன்னும் சொல்லியாச்சு. அப்ப யாருக்குச் சீக்கு? கைப்பிள்ளை சொல்லிரும். ஆனா உலகம்மாளுக்கு ஒண்ணும் இல்லன்னு சீல் அடிச்ச தாளு வந்துட்டுதே. தாளு வந்தப்புறம் மூளை எதுக்கு? அன்னைக்குத் தங்கபுஷ்பம் அழுதுக்கிட்டே வந்து, "யக்கா, ஒன் சளி நல்ல சளிதான், தாள்லயே போட்டிருக்கான். நாந்தான் அத வாங்கிட்டுப் போயி ஒரு ராத்திரி எங்க அடுக்களையில வச்சுட்டேன். எங்க வீட்டுல இருந்த சீக்குதான் அதுல ஏறிட்டு"ன்னா. பாலுக்குப் பொர மோரு ஊத்துன மாதிரிச் சொல்லுதா. ஒவ்வொருத்தியும் இதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கா. வெளிய சொல்லவும் முடியாது, அடுத்தவ சளியக் குடுத்தோம்னு தெரிஞ்சா வண்டிக்காரங்க என்ன செய்வாங்களோன்னு பயம். உலகம்மா அப்பச் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னா? "வீடு வாசலக் கூட்டிப் பெருக்கி வச்சிருந்தா ஏறுமாட்டி? எண்ணெப் பிசுக்கு அடுக்களையில கொண்டு வச்சா சீக்கு ஏறாம சாமியா ஏறும்?"னு சொன்னா. சொன்னப்ப மனசுக்குள்ள ஒரு சின்ன முள்ளு. கருவ முள்ளு கூட இல்ல, நெருஞ்சி. குத்துச்சு, போயிட்டு. தாளு இருக்குல்லா. சாமிப் படத்துக்குப் பின்னால சொருகி வச்ச தாளு, எடுத்துப் பாத்துக்கிடலாம். பாத்தா. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி எடுத்துப் பாத்தா. படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குத் தாளு. தூளு நெஞ்சுல ஏறுது, வேற ஒண்ணும் இல்ல. எவளுக்குத்தான் இருமல் இல்ல. பீடி சுத்துதவ இருமாம பின்ன நாட்டியக்காரியா இருமுவா? ரெண்டு மாசமா இருமுதேன்னா, ரெண்டு மாசமாத் தூளு மட்டம். சேல இடுப்புல நிக்க மாட்டேங்குன்னா, சேல பழசு. சாயங்காலமானா ஒடம்பு கதகதன்னு வருதுன்னா, அது மாச விலக்கு நின்ன சூடு. எல்லாத்துக்கும் பதில் இருக்கு. ஷைனி கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லிரலாம். மருமவகிட்டத்தான் அதெல்லாம் செல்லாது.

தொட்டில ஏன் மாத்துனா? நாலு நாளைக்கு முந்தி வரைக்கும் பிள்ளத் தொட்டிலு உலகம்மா படுக்குத அறையில உத்தரத்துலதான் தொங்குச்சு. ராத்திரி அழுதா அவதான் கயித்த இழுப்பா. கருப்பட்டித் துண்டத் தன் வாயில கடிச்சு நைச்சு அது வாயில வைப்பா, மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு ஊ ஊன்னு ஊதுவா, அது பொக்க வாயத் தெறந்து சிரிக்கும். எளநீக் கண்ணு மாதிரி வாயி. திடீர்னு ஒருநா வந்து பாத்தா உத்தரத்துல வெறும் கயிறு. "அந்த மூலையில ஒழுவுது அத்தே"ன்னு முப்பிடாதி சொன்னா. மழையே இல்ல, என்ன ஒழுவும்? கேக்கல. ஏன் கேக்கல? அங்கன்வாடி டீச்சரு பிள்ளைக்கு எடை ஏறலன்னு சொன்னாளாம். பிள்ள ரெண்டு வாரமா இருமுது. சின்ன இருமல், பூனக்குட்டி தும்முத மாதிரி. ஊருல சளி இல்லாத பிள்ள உண்டா? தம்ளரையும் மாத்திட்டாளோ? காப்பி குடிக்குத சில்வர் தம்ளரு, அடியில எம்பேரு வெட்டுனது, அது எப்பவும் எனக்குத்தான். அப்ப மாத்தல. எம்பேரு போட்ட தம்ளரு தனியாத்தான் இருக்கும். தனியாத்தான் கவுத்தியிருந்துது இன்னைக்குக் காலையில, பலகையில, மத்ததுல இருந்து ஒரு சாண் தள்ளி. ஒரு சாணா, முக்காச் சாணா? இலைய வெட்டிக்கிட்டு இருந்த கத்திரி நின்னு போச்சு. ஈயத் தட்டு. சீ, இப்ப எதுக்கு ஈயத் தட்டு. செக்கருக்குக் கொசுறு போக ஒரு கட்டு ஆயிட்டு. செல்லையா வந்து எண்ணட்டும்.

அந்தக் கேள்வித்தாளுக்காரி ஷைனிதான் இதையெல்லாம் கிண்டி விட்டது. போன வாரம் வந்து, இந்த வாசல்ல நின்னுக்கிட்டு, எதுத்த வீட்டுல மிக்சி ஓடுதுன்னு தொண்டையக் கிழிச்சுக்கிட்டு, பலகை மாதிரி இருக்குத மிசின்ல பாத்து வாசிக்கா: "காசநோய் உள்ளவருடன் ஒரே பாத்திரத்தில் உணவு உண்பீர்களா? முழுமையாக ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை, இதுல எது பாட்டி?" தெருவே கதவோரம் நின்னு கேக்குது. தங்கபுஷ்பம் மிக்சிய நிறுத்திட்டா. நோய் வந்தவங்கள ஒதுக்குதாங்களான்னு தெரிஞ்சுக்கிடத்தான் இந்தக் கேள்வியாம், நோய் வந்த வீட்டுக்கு எதுக்க நின்னு கத்திக் கேக்கா. ஒதுக்குதது எப்படின்னு தெரியாதவகூட இத வச்சுப் படிச்சுக்கிடலாம். உலகம்மாளும் விடாம, "முழுசா ஒத்துக்கிடுதேன், முழுசா ஒத்துக்கிடுதேன்"னு எல்லாத்துக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. அந்தக் கடைசிக் கேள்வி. "உங்கள் குடும்பத்தில் யாரையாவது இந்த நோய்க்காகத் தனியாக வைத்ததுண்டா?"  மடியில கெடந்த தூளத் தட்டி விட்டுக்கிட்டே, "இல்ல"ன்னா. ஷைனி வெரலால ஒரு தட்டுத் தட்டுனா. அந்த இல்ல எங்கயோ பறந்து போயிட்டு. இப்ப அது எந்த ஊர்ல இருக்கோ, எவன் அதக் கூட்டிக் கழிச்சு எத்தன சதவீதம் போட்டானோ. முட்டாப் பயலுவ. நான் சொன்னேன்னு நம்பிட்டானுவ.

அந்தக் காலத்துல கோமதி சுத்துன பீடிய செக்கரு எண்ணாமலே வாங்குவான். உலகம்மா புருசனோட தங்கச்சி, நாத்தனாக்காரி, பத்தொம்பது வயசு, பின்னலு தட்டு மேல விழுந்து கெடக்கும், அத மடியில சொருகிக்கிட்டுச் சுத்துவா. உலகம்மா இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச மறுவருசம் அவ இரும ஆரம்பிச்சா. முந்தானையில ஒரு பொட்டு செவப்பு. கண்டவ உலகம்மாதான். அப்பவும் பெரியாஸ்பத்திரியில மாத்திர சும்மாத்தான் குடுத்தாவ, அட்டை போட்டுக் குடுத்தாவ. அட்டை போட்டா ஆளு வீட்டுக்கு வந்து பாப்பாவ, ஆளு வந்தாத் தெரு பாக்கும், தெரு பாத்தா இலை நிக்கும். "மஞ்சக்காமாலைன்னு சொல்லிருவோம்"னு சொன்னது யாரு? மாமியாளா? மாமியா பேசா மடந்தை. புருசனா? அவன் பொம்பள பேச்சுக்குத் தல ஆட்டுதவன். கீழாநெல்லிய அரச்சுக் குடுத்து, ஆட்டுக்கொட்டில்ல ஒரு ஓரத்த மெழுவிப் பாய் போட்டு, ஈயத் தட்டுல சோத்தப் போட்டு, ஒரு பூவரசங் கம்பால உள்ள தள்ளுதது. கம்பு நல்ல நீளம். கொட்டிலுக்குள்ளயிருந்து அவ, "மதினி, கம்பால தள்ளாத. வாசல்ல வச்சிட்டுப் போயிரு. நீ போனப்புறம் நான் வந்து எடுத்துக்கிடுதேன்"ன்னு சொல்லுவா. அதுவும் சத்தமாச் சொல்ல மாட்டா, மதினிக்கு அவமானமாயிரும்னு. மறுநாளும் உலகம்மா கம்பாலதான் தள்ளுனா. ஏழு மாசம். வீட்டுக்கு இலை நிக்கல, ஒருநா நிக்கல. அவ போயிச் சேந்தப்புறம் தட்டக் குழி தோண்டிப் பொதச்சது கொல்லையில முருங்க மூட்டுல. முருங்க நல்லாக் காச்சுது. ஊரெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போவாளுவ, கைராசிக்காரின்னு. கைராசி. சளிராசி. இவளுவ முட்டாளுன்னு சொல்ல உலகம்மாளுக்கு என்ன யோக்கியத இருக்கு? ஏழு பேரு மூளையில்லாம வந்தாளுவ, அவ மூளையோடத்தான் குடுத்தா.

"யக்கா, இலை வெட்டித் தரட்டா?"ன்னு சத்தம் கேட்டு நிமுந்தா தங்கபுஷ்பம் நடு ரோட்டுல நிக்கா. படியேறல, மூணு வாரமா எந்த வீட்டுப் படியும் ஏறுததில்ல. "கை சும்மாவே இருக்கமாட்டேங்கு. தூக்கத்துலயும் வெரலு சுத்துது. நீ கூலி தர வேண்டாம், சும்மா வெட்டித் தாறேன், ஒருத்தரும் பாக்காம."

"அந்த மாத்திர திங்கியா?"ன்னா உலகம்மா.

"திங்கேன். திங்காம? ஒண்ணுக்குப் போனாச் செக்கச் செவேல்னு போவுது, பயந்துட்டேன். மருந்து வேல செய்யுதுன்னு ஷைனி சொன்னா. கொமட்டுது, சோறு எறங்கல. ஆறு மாசம் விடாமத் திங்கணுமாம். சரியாயிட்டுன்னு தாளு வாங்குனப்புறம் ஆலங்குளத்துக்குச் சொல்லி அனுப்பலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் பொறுப்பாவளா, சொல்லு."

"ஒனக்கு என்ன எழவுக்குட்டி அந்த மாத்திர?"ன்னு கேட்டுட்டா. வாய் தவறி வந்துட்டு. தங்கபுஷ்பம் மலைக்காம, "எனக்குத்தான சீக்கு. எனக்கில்லாம?"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு இருக்கே, காறித் துப்பணும்போல இருந்துது அவ மூஞ்சியில. இம்புட்டு நம்பிக்கையாட்டி ஒருத்திக்கு வரும்? ஒடம்புல இல்லாத சீக்குக்கு மாத்திர தின்னு, இல்லாத சீக்கு சரியாவணும்னு வேண்டிக்கிட்டு நிக்கா. சீக்கு இருக்குதவ பச்சப் புள்ளி வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. சீக்கு இருக்குதவ. ஆமா. யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. தட்டுல இருந்த தூளு கண்ணுல பட்ட மாதிரி எரிஞ்சுது. ஏழு டப்பாவும் ஒரே நெஞ்சு. ஏழுலயும் கிருமி. எட்டாவது மருமவ எச்சி, அதுல ஒண்ணும் இல்ல. முப்பிடாதி என்ன புதுசாச் சொல்லிட்டா? கத்திரிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு மாசமா உள்ள ஓடிக்கிட்டு இருந்தத வாய்விட்டுச் சொன்னா. சொல்லிட்டுப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. தொட்டில மாத்துனா, தம்ளர ஒரு சாண் தள்ளிக் கவுத்துனா, ஆனாக் கம்பு எடுக்கல. கஞ்சியக் கையாலதான் கொண்டாந்து வச்சா. உலகம்மா அந்த எடத்துல இருந்திருந்தா இந்நேரம் பூவரசங் கெளை ஒண்ணு கொறஞ்சிருக்கும்.

வண்டிச் சத்தம் கேட்டுது. தங்கபுஷ்பம் அடிச்சுப் பெரண்டுக்கிட்டுத் தன் வீட்டுக்குள்ள போயிக் கதவ ஒருக்களிச்சுட்டா. வண்டி இந்த வாட்டி உலகம்மா வாசல்ல நின்னுது, இருமுத பொம்பளப் படம் நேரா அவளப் பாத்து. ஷைனி எறங்குனா, பின்னாலயே வெள்ளக்காரி. நெட்டையா, எளம் பருத்திச் சேல சுத்தி, சேலைக்குக் கீழ ரப்பர் செருப்பு. ரெண்டு கையையும் கூப்பி வணக்கம்னா. படியில உக்காரப் பாத்தா, முட்டி மடங்கல, ஷைனி புடிச்சு உக்கார வச்சா. மொகத்துல மருந்துக்குக்கூடக் கெட்டதனம் இல்ல. அதுதான் உலகம்மாளுக்கு எரிச்சலா இருந்துது. கெட்டவளா இருந்தா ரெண்டு பேச்சுப் பேசிக் கழிச்சிரலாம். அவ என்னமோ சொல்ல, ஷைனி மிசினத் தட்டிக்கிட்டே, "பாட்டி, டாக்டர் கேக்காங்க, இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே தண்ணி குடிக்கிறீங்க, ஒரே வேல செய்றீங்க. ஒங்க வீட்டுல மட்டும் நோய் வராம எப்படிப் பாதுகாத்தீங்க? ஒங்க அனுபவத்த வச்சு இது மாதிரி எல்லா ஊருக்கும் ஒரு திட்டம் போடலாம்னு நெனக்காங்க"ன்னா. வெள்ளக்காரி பேனாவத் தெறந்துக்கிட்டுக் கண்ண விரிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. என்ன சொல்லலாம்? முருங்கக் கீரைன்னு சொல்லலாம். சொன்னா அடுத்த மாசம் இன்னொரு ஊருல எவளாவது ஒருத்தி வாயில முருங்கக் கீரையத் திணிப்பாளுவ. ஆட்டுக் கழுத்துல பெட்டி கட்டுன மாதிரி இதுவும் ஊரு ஊராப் போவும். எதுத்த வீட்டு ஒருக்களிச்ச கதவு இடுக்குல தங்கபுஷ்பத்தோட ஒத்தக் கை மட்டும் தெரிஞ்சுது. நெலையப் புடிச்சுக்கிட்டு இருந்த கையில வெரலு ரெண்டும் சும்மாச் சுத்திக்கிட்டு இருந்துது, இலை இல்லாம, தூளு இல்லாம. பொறவாசல்ல பிள்ள இருமுச்சு. பூனக்குட்டி தும்முத மாதிரித்தான். ரெண்டு வாட்டி. அதுக்குப் பதிலு மாதிரி உலகம்மா நெஞ்சுக்குள்ளருந்து காலையில இருந்து முழுங்கி வச்சதெல்லாம் ஏறிக்கிட்டு வந்துது. முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு இருமுனா, தட்டு கவுந்து பீடி படியெல்லாம் உருண்டுது. ஷைனி தண்ணி தண்ணின்னு எந்திச்சா. உலகம்மா கையக் காட்டி அவள உக்கார வச்சா.

"ஏ ஷைனி. இவகிட்டச் சொல்லு. இந்தத் தெருவுல காசம் ஏழு இல்ல. ஒண்ணு."

ஷைனிக்கு விளங்கல. "என்ன பாட்டி?"

"பாட்டி பாட்டிங்காத. அந்தப் பலகையில போன வாரம் நான் சொன்ன இல்லய மொதல்ல அழி. தனியா வச்சதுண்டான்னு கேட்டியே. உண்டுன்னு போடு. எழுதுனியா? இங்கிலீசுல அவளுக்கும் சொல்லு, அவளும் எழுதட்டும். மத்ததையும் சொல்லுதேன், ஏழு டப்பா கதையையும் சொல்லுதேன், ஓடிர மாட்டேன். செல்லையா வரும்போது நீங்க ரெண்டு பேரும் இங்கனயே இருக்கணும், அந்த ஏழு வீட்டுக்கும் இலை எண்ணிக் குடுக்குத வரைக்கும் வண்டி நவுரக் கூடாது. வண்டியில எழுதியிருக்குதத ஒரு சாக்கப் போட்டு மூடு. படிச்ச பிள்ளயளா நீங்க? நெஞ்சுச் சளிக்கும் எச்சிக்கும் வித்தியாசம் பாக்காம வாங்கிட்டுப் போயி மேப்புப் போட்டியளாக்கும்." வெள்ளக்காரி பேனாவ எழுதாம அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தா. உலகம்மா அவளப் பாக்கல. தல திருப்பாம, பொறவாசலுக்குக் கேக்கட்டும்னு தொண்டையத் தெறந்தா. "ஏட்டி முப்பிடாதி! மாடக்குழியில டப்பா இருக்குல்லா, அத எடுத்துட்டு வா. இவளுவ கண்ணு முன்னாலயே துப்புதேன். ஏட்டி, கேக்குதா? பிள்ளைய இங்கன கொண்டாந்துராத, அங்கனயே கெடத்திட்டு வா. டப்பாவ மட்டும் கொண்டா."